சாம்பல் நிற வரிசை

ஜூன் 2

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் கூப்பிடாமல் ஏன் மெயிலில் எழுதுகிறேன் என்று கேட்க மாட்டாய். கடைசியாகப் பேசியபோது யார் முதலில் போனை வைத்தது என்பதிலேயே நமக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எழுத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். காப்பகத்தில் இப்போது அறுபதுக்கு மேல் நாய்கள். நீ இருந்தபோது இதில் பாதிகூட இல்லை. அந்தப் பழைய டயர் கிடங்கின் பின்பாதியையும் எடுத்துக்கொண்டு கூண்டு போட்டாயிற்று. எல்லா நாய்களின் விவரமும் ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு ஷீட்டில் இருக்கிறது. ஒரு நாய்க்கு ஒரு வரிசை. கூண்டுக்கு முன்னால் கையில் வாளியோடு நிற்பவருக்கு அந்த ஷீட்டால் பிரயோஜனம் இல்லை. அதனால் குறிப்பு எழுதும் ஆப் ஒன்றை எல்லோர் போனிலும் போட்டிருக்கிறோம். நாய்க்கு ஒரு குறிப்பு. ஷீட்டில் இருப்பதைக் காப்பி செய்து அந்தக் குறிப்பில் ஒட்டுவது யார்? நான்தான். ஷீட்டில் ஒரு தரம், ஆப்பில் ஒரு தரம். மணிக்கட்டு வீங்கிவிட்டது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "இது என் டிபார்ட்மென்ட் இல்லம்மா, இருந்தாலும் சொல்றேன், கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க" என்றார்.

இங்கே ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர் வருகிறார். நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. அவர்தான், "கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா அது தன்னால ஏறிக்குமே. உன் தம்பி அந்த வேலைதானே பாக்குறான்?" என்று கேட்டார். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், ஆமாம் என்றேன்.

முடியுமா? முடியாதென்றால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடு.

அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

முடியும். நான் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த வேலைதான். இங்கே நாயின் இடத்தில் சரக்குப் பெட்டிகள், அவ்வளவே. ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொன்றுக்குச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. ஷீட்டில் என்னென்ன தலைப்புகள்? எல்லாத் தலைப்பும் குறிப்பில் வர வேண்டுமா? எல்லா வரிசையும் ஏற வேண்டுமா, சிலது மட்டுமா? எத்தனை நாளுக்கு ஒரு முறை? போன் வழியாக யாராவது குறிப்பைத் திருத்தினால் அது ஷீட்டுக்குத் திரும்பி வர வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் நானே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இரண்டு பக்கமும் திருத்த விட்டால் எது நிஜம் என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஷீட் சொல்வதே நிஜம். ஆப் அதைக் கேட்டுக்கொள்ளும்.

ஷீட்டைத் திறக்க எனக்கு அனுமதி கொடு. எழுத மாட்டேன், படிக்க மட்டும்தான்.

என் கண்டக்டர் எப்படி இருக்கிறான்? ஒரு காது இன்னும் மடங்கியேதான் இருக்கிறதா?

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

அனுமதி கொடுத்தாயிற்று. ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கத்தில் நின்று எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். எனக்கு இந்த வயதில் வகுப்பில் உட்கார்ந்து திட்டு வாங்கிய மாதிரி ஆகிவிட்டது.

தலைப்புகளை நீயே பார்த்துக்கொள்ளலாம். எண், பெயர், வயது, தடுப்பூசி, குணம், விட்டுச் சென்றவர், காரணம், திரும்பி வருவதாகச் சொன்ன காலம். கடைசித் தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதே. நாயை இங்கே விடுபவர்கள் யாரும் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்வதில்லை. வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். எப்போது என்று கேட்டு எழுதி வைக்கிறேன். வீடு மாறியதும், குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும், மாமியார் ஊருக்குக் கிளம்பியதும். ஷீட் ஆரம்பித்த நாளிலிருந்து இந்தத் தலைப்பின் கீழே யாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எல்லாத் தலைப்பும் வரட்டும். எல்லா வரிசையும் ஏறட்டும். பொறுக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. தினமும் ஏறினால் நல்லது.

கண்டக்டருக்கு என்ன, வாசலில் இருக்கிறான். எந்த வண்டி வந்தாலும் எழுந்து போய் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறான். பார்த்துவிட்டுத் திரும்ப வந்து படுத்துக்கொள்கிறான்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்கிரிப்ட் தயார். நேற்று ஓட்டிப் பார்த்தேன். தினமும் காலையில் அது ஷீட்டைத் திறக்கும், ஒவ்வொரு வரிசையாகப் படிக்கும், அந்த நாயின் பெயரில் ஆப்பில் குறிப்பு இருக்கிறதா என்று தேடும். இருந்தால் புதுப்பிக்கும், இல்லாவிட்டால் புதிதாக எழுதும். தலைப்பு ஒவ்வொன்றும் குறிப்பில் ஒரு வரியாக வரும். காலி வரிசைகளைத் தாண்டிவிடும். நீ இடையிடையே அடித்துவைத்திருந்த தேவையில்லாத இடைவெளிகளை எல்லாம் வெட்டிவிடும். மேலிருந்து கீழ்வரை கலர் கலராகப் பூசி வைத்திருக்கிறாய், பிள்ளைகள் வண்ணம் தீட்டும் புத்தகம் மாதிரி. அழகுக்குத்தானே, அதை விட்டுவிட்டேன். ஆப்பில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. கண்ணுக்கு இதமாக இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தேடலாம், எந்தச் சொல்லைப் போட்டாலும் அந்தச் சொல் உள்ள நாய்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஏதாவது மாறினால் எனக்கு மெயில் வரும்படி வைத்திருக்கிறேன், கோளாறு வந்தால் உடனே பார்க்கலாம் என்று.

வேலை முடிந்தது. இப்போது இன்னொன்று.

பதினேழாவது வரிசையைப் படித்தேன். பெயர்: கண்டக்டர். விட்டுச் சென்றவர்: உறவினர். காரணம்: வெளிநாடு. திரும்பி வருவதாகச் சொன்ன காலம்: இரண்டே மாதம்.

உறவினரா? ஒன்றுவிட்ட சித்தப்பா பையனா நான்? வண்டியிலிருந்து நாயை இறக்கிவிட்டு ஓடியவர்களின் பட்டியலில், எனக்கு மேலே மாமியாருக்குப் பயந்தவர், எனக்குக் கீழே சோபா பாழாகிறது என்றவர். நான் ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். முதல் வருடம் ஒரு அறையில் நான்கு பேர். இரண்டாவது வருடம் நாய் வளர்க்க அனுமதி இல்லாத கட்டடம். மூன்றாவது வருடம் வேலை மாற்றம். ஒவ்வொன்றையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் சாப்பாட்டுக்கு மாதாமாதம் அனுப்பியதை நீ திருப்பி அனுப்பினாய். வீட்டுக்கு வெளியே இருப்பவன் வேறு எப்படித்தான் அக்கா இருக்க முடியும்?

ஸ்கிரிப்ட் இதையும் சிந்தாமல் சிதறாமல் ஏற்றிவிட்டது. இப்போது உன் காப்பகத்தில் வாளி தூக்குபவர்கள் எல்லோரும் என்னைப் பற்றிப் போனில் படிக்கலாம்.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ எழுதினால் கையேடு மாதிரி எழுதுகிறாய், பாதியைத் தாண்ட முடியவில்லை. கோபம் வந்த இடத்தில்தான் மனிதன் எழுதிய மாதிரி இருந்தது.

முதலில் உன் ஸ்கிரிப்டின் லட்சணம். இங்கே கறுப்பன் என்ற பெயரில் மூன்று நாய்கள் இருக்கின்றன. கறுப்பாக ஒரு நாய் வந்தால் சமையல்காரருக்கு வேறு பெயர் தோன்றாது. உன் ஸ்கிரிப்ட் மூன்று பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. ஒருவன் மேல் இன்னொருவனை எழுதி, அதன் மேல் மூன்றாமவனை எழுதி, கடைசியில் ஒரே ஒரு கறுப்பன்தான் மிச்சம். அந்தக் குறிப்பைப் பார்த்து, இளைக்க வேண்டிய கறுப்பனுக்கு இரண்டு நாளாக இரட்டைச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். அவன் உன்னை ரொம்பவும் விசாரித்தான். மெலிந்த கறுப்பன் விசாரிக்கவில்லை.

"பேரை வச்சுத் தேடினா இப்படித்தான். எங்க ஸ்கூல்ல ஒரே கிளாஸ்ல ஒரே பேர்ல அஞ்சு பேர் இருப்பாங்க. ரோல் நம்பர் எதுக்கு வச்சோம்?" என்கிறார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

இரண்டாவது, பதினேழாவது வரிசை. ஷீட்டில் தலைப்பு கேட்டது, பதில் எழுதினேன். காரணம் இல்லாமல் யாரும் இங்கே வருவதில்லை. சோபாக்காரருக்கும் காரணம் இருந்தது. உன்னை மட்டும் தனியாக ஒரு ஷீட்டில் போடுவதா?

பணத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்குப் பணம் வருத்தமில்லை. நீ வேலைக்குப் போனதும் வருத்தமில்லை. அன்றைக்கு அவன் முன்வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் பார்த்தால் கஷ்டம் என்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாய். உனக்குச் சுலபமாக இருந்தது. அவனைப் பொறுத்தவரை நீ இன்னும் உள்ளே எங்கேயோ இருக்கிறாய், அல்லது ஏதோ ஒரு வண்டியில் வந்துகொண்டிருக்கிறாய். மூன்று வருடமாக ஒவ்வொரு வண்டியாக எழுந்து போய்ப் பார்ப்பவனைத் தினமும் பார்ப்பது நான்.

கறுப்பன்களைப் பிரித்துக் கொடு.

அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பிரித்துவிட்டேன். இனிமேல் பெயரை வைத்துத் தேடாது, எண்ணை வைத்துத்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னது முழுக்கச் சரி. எனக்கே இது தோன்றியிருக்க வேண்டும். சரக்குப் பெட்டிகளுக்குப் பெயர் இருப்பதில்லை, அதனால் பழக்கமில்லை. தடித்த கறுப்பனிடம் என் வருத்தத்தைச் சொல்.

பின்வாசலைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு காரணம் மாதிரிதான் இருக்கும்.

வேறு செய்தி இருக்கிறது. போன மாதம் வீடு மாறினேன். தரைத்தளம், பின்னால் சின்னதாகப் புல்வெளி. நாய் வளர்க்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறேன். ஆகஸ்டில் லீவு கிடைத்துவிட்டது. வருகிறேன். வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். விமானத்தில் ஏற்ற அவன் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும், கால்நடை டாக்டர் கையெழுத்தோடு. ஷீட்டில் தேதி இருக்கிறது, ஆனால் காகிதமாகத்தான் கேட்கிறார்கள்.

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

சான்றிதழ் வாங்கி அனுப்புகிறேன். கொஞ்சம் பொறு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு நாளாக வீட்டில் கிடக்கிறேன். கன்னம் வீங்கி, பேசினால் சமையல்காரருக்கே சிரிப்பு வருகிறது. காப்பகத்தை ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்துக்கொள்கிறார். உன் ஸ்கிரிப்ட் வந்தபிறகு எதற்கும் என்னைக் கேட்க வேண்டியிருக்கவில்லை என்று அவருக்கு ஏக சந்தோஷம்.

நீ வருவதை அவனிடம் சொல்லவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

பல் எப்படி இருக்கிறது?

விமானக் கூண்டு வாங்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அவன் நீளம் எவ்வளவு என்று அளந்து அனுப்பு. நின்றால் தோள் உயரமும் வேண்டும். மடங்கிய காதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. ஸ்கிரிப்டில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். சில நாளாகப் பதினேழாம் எண் குறிப்பு மட்டும், வீடு கிடைத்துப் போன நாய்களுக்காக ஆப்பில் வைத்திருக்கும் 'வீடு போனவர்கள்' என்ற பகுதிக்குப் போய்விடுகிறது. காலையில் ஸ்கிரிப்ட் ஷீட்டைப் பார்த்து, அவன் இங்கேதான் இருக்கிறான் என்று திரும்ப இழுத்துக்கொண்டு வருகிறது. மாலைக்குள் மறுபடியும் போய்விடுகிறான். மறுநாள் மறுபடியும் இழுக்கிறது. தினமும் எனக்கு மெயில். மற்ற நாய்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. யாராவது தவறிக் கை பட்டு நகர்த்துகிறார்களா என்று கேட்டுச் சொல். நானும் ஸ்கிரிப்டின் நிரலை வரிக்கு வரி பார்த்துக்கொண்டிருக்கிறேன், தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

நிரலைப் பார்க்காதே. அதில் தவறு இல்லை. கண்டக்டர் இங்கே இல்லை.

பதறாதே, உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறான். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் பல்லோடு வீட்டில் கிடந்தபோது, ஹெட்மிஸ்ட்ரஸ் தன் மூக்குக்கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். புதிது வாங்கக் கடைக்குப் போனார். கடைத்தெருவில், தையல் கடைக்கு அடுத்தது. அந்தக் கண்ணாடிக்கடைக்காரம்மா தனி ஆள். உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தால், முன்னால் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரிவதில்லை. "வாசல்ல நின்னு ஆள் வந்தா ஒரு குரல் குடுக்குற நாய் இருந்தா சொல்லுங்களேன். ஆனா யாரையும் கடிக்கக் கூடாது" என்றாராம். ஹெட்மிஸ்ட்ரஸ் அங்கேயே போனை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, 'வாசல்' என்று தேடியிருக்கிறார். ஒரே ஒரு குறிப்பு வந்தது. குணம்: வாசலில் நிற்பான். வருபவர், போகிறவர் எல்லோரையும் பார்ப்பான். கடிக்க மாட்டான். தடுப்பூசி எல்லாம் சரி. அன்றே கொண்டுபோய்விட்டுவிட்டார்.

நான் திரும்பி வந்த அன்று வாசலில் யாரும் இல்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபிறகுதான், என் காலை யாரும் முகர்ந்து பார்க்கவில்லையே என்று உறைத்தது. கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார்: "மூணு வருஷமா ஒருத்தரும் வரலைம்மா. ரெண்டு மாசம்னு சொல்லிட்டுப் போன ஆளு. பாவம், அதுக்கும் ஒரு வீடு வேணாமா?" அவரை நான் என்ன சொல்ல முடியும்? குறிப்பில் இருந்ததைத்தான் படித்தார்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். அழகுக்கு என்று எழுதியிருந்தாயே. அந்த வரியை இப்போதுதான் தேடிப் படித்தேன். உன் கடிதத்தின் நடுவில் இருந்தால் நான் எங்கே பார்ப்பது? பச்சை என்றால் வீட்டுக்குக் கொடுக்கலாம். மஞ்சள் என்றால் மருந்தில் இருக்கிறது. சிவப்பு என்றால் கிட்டே போகாதே. அந்தச் சிவப்புக்காரர்கள் பரவாயில்லை, ஆப் சொல்லாவிட்டாலும் கம்பிக்கு அருகே போனால் அவர்களே சொல்லிவிடுவார்கள். சாம்பல் நிறம் என்றால் யாருக்கும் கொடுக்கக் கூடாது. அறுபது வரிசையில் சாம்பல் ஒன்றே ஒன்றுதான். நீ போன அன்றே பூசினேன். கையால் ஏற்றியபோது அந்த வரிசைக்கு வந்தால் என் கை தாண்டிவிடும். அவனை ஒரு நாளும் ஆப்பில் ஏற்றியதில்லை. எல்லா வரிசையும் ஏறட்டும் என்று உனக்கு எழுதியபோது இது என் நினைவுக்கே வரவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் தினமும் அந்தக் குறிப்பை 'வீடு போனவர்கள்' பகுதிக்குத் தள்ளுகிறார். நான் ஷீட்டை மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை. அதனால்தான் உன் ஸ்கிரிப்ட் தினமும் காலையில் அவனைத் திரும்ப இழுத்து வருகிறது.

எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

அக்கா


ஜூலை 13

அக்கா,

திரும்பக் கேட்டு வாங்கு.

ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. 'கொடுக்கக் கூடாது' என்று இரண்டே சொல். அந்த வரிசையில் என்னைப் பற்றி எழுத உனக்கு மூன்று கட்டம் நிறைய வார்த்தை இருந்தது. எனக்காக அவனை வைத்திருக்கிறாய் என்பதற்கு மட்டும் வார்த்தை இல்லை, பெயிண்டு அடித்துவிட்டாய். மூன்று வருடமாக நீ என் மேல் கோபமாக மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய நிரலும் கோபத்தைத்தான் சுமந்துகொண்டு போயிருக்கிறது.

நிறத்தைக் கேட்காதது என் தவறு. புதிதாக வேலைக்கு வருபவர்களிடம், ஷீட்டில் நிறம் இருந்தால் உரியவரிடம் கேட்டுவிட்டுத் தொடு என்று நான் சொல்வதுண்டு. உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை. அக்கா பூசினால் சும்மா பூசியிருப்பாள் என்று நினைத்துவிட்டேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். கூண்டும் வாங்கிவிட்டேன், குத்துமதிப்பாக. அந்தம்மாவிடம் போய்ப் பேசு. தவறு நடந்துவிட்டது என்று சொல். புரிந்துகொள்வார்.

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

போனேன். அளவு நாடாவையும் கைப்பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

கடை சின்னது. இரண்டு பக்கமும் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டிய பலகை, நடுவே ஒருவர் நடக்கலாம். வாசலில் ஒரு மிதியடி. அதன் மேல் அவன். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து வந்து என் காலை முகர்ந்துவிட்டு, உள்ளறையைப் பார்த்து ஒரே ஒரு தரம் குரைத்தான். "வரேன், வரேன், உக்காருங்க" என்று உள்ளேயிருந்து சத்தம். பிறகுதான் வாலை ஆட்டினான், என்னைத் தெரியும் என்கிற மாதிரி. வேலையை முடித்துவிட்டு உறவு விசாரிக்கிறவன் போல.

நான் அங்கே இருந்த நேரத்தில் ஏழெட்டுப் பேர் வந்து போனார்கள். வருகிறவரைப் பார்க்கிறான், போகிறவரைப் படிவரை கொண்டுபோய்விடுகிறான், வந்து படுக்கிறான். இங்கே காப்பகத்தில் வண்டி வந்தால் எழுந்து போவான், பார்ப்பான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவான். அங்கே அப்படித் திரும்பவில்லை. தெருவில் வண்டி போனது, தலையைத் தூக்கவேயில்லை. நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "அவர் நாய்னா குடுத்துத்தான ஆகணும். நான் மல்லுக்கு நிக்க மாட்டேன். ஆனா நீங்க கொண்டுபோகாதீங்க. அவரே வரட்டும். வந்து அவர் கையாலயே கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். கண் கலங்கியிருந்தது. பவர் சரியில்லை என்று தானே சொல்லிக்கொண்டார்.

அவனை அளக்கவில்லை. நாடாவை எடுக்கக் கை வரவில்லை. நீயே வந்து அளந்துகொள்.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பக்கத்துத் தெரு லாட்ஜிலிருந்து எழுதுகிறேன். நாளைக்கு வருவதாகத்தானே உனக்குச் சொல்லியிருந்தேன், ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டேன். திட்டாதே. நேரே உன்னிடம் வந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் உன் முகத்தைப் பார்ப்பேன், கடைக்குப் போகும்போது என் மனதில் இருப்பது என்னவென்று எனக்கே தெரியாமல் போயிருக்கும். பெட்டியையும் நாய்க் கூண்டையும் லாட்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன், கண் பரிசோதனைக்கு வந்தவன் மாதிரி.

மிதியடியில்தான் இருந்தான். முகம் நரைத்திருக்கிறது, நீ சொல்லவேயில்லை. எழுந்து வந்து ஷூவை முகர்ந்தான். உள்ளே பார்த்து ஒரு தரம் குரைத்தான். பிறகு மறுபடி ஷூவுக்கு வந்தான். காலை, முழங்காலை, கையை என்று நிதானமாக முகர்ந்துகொண்டே வந்தான். குதிக்கவில்லை, ஊளையிடவில்லை. தலையைக் கொண்டுவந்து என் முழங்காலில் முட்டுக்கொடுத்து அப்படியே நின்றான். நானும் நின்றேன். அழுதேன். சட்டங்கள் மாட்டிய பலகையில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் வரிசையாக இருந்ததால் அழுவதைப் பல கோணங்களில் பார்க்க நேர்ந்தது.

அந்தம்மா வெளியே வந்து பார்த்தார். உள்ளறைக்குக் கூப்பிட்டு, நிஜமாகவே பரிசோதித்தார். "உங்களுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. நீங்க கண்ணுக்கு வரலைதானே?" என்றார். இல்லை என்றேன். "கயிறு உள்ள ஆணியில மாட்டியிருக்கு. எப்ப வேணாலும் எடுத்துக்கலாம்" என்றார். உடனே முன்பக்கம் கண்டக்டர் குரைத்தான். யாரோ வந்திருந்தார்கள். அந்தம்மா எழுந்து போனார். அவன் தன் வேலைக்குத் திரும்பிவிட்டான். என்னிடம் ஒருமுறை வந்தான், பிறகு புதிதாக வந்தவரிடம் போனான், பிறகு மிதியடிக்குப் போனான்.

கயிற்றைப் பார்த்தேன். கழுத்துப்பட்டையில் என் பழைய போன் நம்பர் இருந்தது. கயிற்றை எடுக்கவில்லை.

பழையபடி, "போலாம் ரைட்" என்று மெல்லச் சொன்னேன். அந்தச் சொல்லைக் கேட்டால் அப்போதெல்லாம் முதல் ஆளாக வண்டியில் ஏறி உட்காருவான். காதைத் தூக்கினான், மடங்காத காதை. எழுந்து என்னோடு வாசலுக்கு வந்தான். படி இறங்கினேன், அவனும் இறங்கினான். தையல் கடைவரை கூடவே வந்தான். அங்கே நின்றான். நான் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி எட்டிப் பார்த்தபோது கடைக்குப் போய்க்கொண்டிருந்தான், அவசரம் எதுவும் இல்லாமல்.

நான் போவதை இந்த முறை பார்த்துவிட்டான், அக்கா. முன்வாசல் வழியாகப் போனேன்.

அவன் அங்கேயே இருக்கட்டும். அந்தம்மாவுக்கு நாளைக்குப் போய்ச் சொல்கிறேன். கழுத்துப்பட்டையில் அவர் நம்பரை எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும். கூண்டைக் காப்பகத்துக்கு எடுத்துக்கொள், கறுப்பன்களில் ஒருவனுக்குச் சரியாக இருக்கும். தடித்தவனுக்குப் போதாது.

ஸ்கிரிப்டில் 'நிறம்' என்று ஒரு தலைப்பு சேர்த்துவிட்டேன். நீ எதைப் பூசினாலும் அது என்ன என்று இனிமேல் எழுத்தில் வந்துவிடும்.

நான் எத்தனை மணிக்கு வரலாம்?

தம்பி


ஆகஸ்ட் 11, மாலை

தம்பிக்கு,

லாட்ஜாம் லாட்ஜ். சொந்த அக்கா வீடு இருக்கும்போது காசைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாய். மணி கேட்கிறான் பார், டாக்டரைப் பார்க்க வருபவன் மாதிரி. இப்போதே காலி செய்துவிட்டு வா. உன் அறையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன், நகர்த்திக்கொள். முன் கேட்டைப் பூட்டவில்லை. வழியில் காப்பகத்தைத் தாண்டும்போது அறுபது பேரும் ஒன்றாகக் குரைப்பார்கள், பயப்படாதே.

ஷீட்டைத் திருத்திவிட்டேன். நாளைக்குக் காலையில் உன் ஸ்கிரிப்ட் அவனைத் திரும்ப இழுத்து வராது, ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் ஒரு வேலை மிச்சம். ஏறப்போவது இதுதான். மெயிலில் நாளைக்கு வரும், அதற்கு முன்னால் நீயே படித்துக்கொள்.

எண்: 17
பெயர்: கண்டக்டர்
நிறம்: பச்சை
இருக்கும் இடம்: கண்ணாடிக்கடை வாசல்
விட்டுச் சென்றவர்: என் தம்பி
காரணம்: வேலை
திரும்பி வருவதாகச் சொன்ன காலம்: வந்தான்

அக்கா